ராமேஸ்வரத்துக்கு ஒரு பார்சல்

அம்மாவின் அஸ்தியில் ஒரு பாதியைத்தான் கிள்ளான் கடலில் கரைத்தோம். மறு பாதியை அப்பா கொடுக்கவில்லை. படகில் ஐயர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அப்பா அந்தச் சின்ன மண்கலயத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "இது ராமேஸ்வரத்துக்கு, சாமி" என்றார். படகு ஆடிக்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்திருந்த எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை. ஐயரும் தலையாட்டிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

அம்மா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டு வந்தது எல்லாம் மலேசியாவில், இந்தக் கிள்ளானைச் சுற்றித்தான். கடல் தாண்டிப் பார்க்க ஆசைப்பட்ட ஊர் ராமேஸ்வரம் ஒன்றுதான். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. "பிராகாரம் ரொம்ப நீளமா இருக்குமாம் லா, நடந்துகிட்டே இருக்கலாமாம்" என்பாள். தெருமுனைக் கடைக்கு நடப்பதற்கே முனகுகிறவள். ஒரு தடவை டிக்கெட்டும் வாங்கினோம். அந்த மாதம் பார்த்துத்தான் அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று டாக்டர் சொன்னார். டிக்கெட் போனது. சேர்த்து வைத்ததெல்லாம் டயாலிசிஸ் சென்டருக்குப் போனது. "ராமேஸ்வரம் எங்கயும் ஓடிடாது, நீங்க முதல்ல ஓடாம இருங்க" என்று அம்மா அவரைக் கேலி செய்வாள். கடைசியில் ஓடிப்போனது அவள். ஒரு காலை, அடுப்பில் டீத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அப்பாவால் விமானம் ஏற முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிஷினோடு படுத்தாக வேண்டும். அவரைத் தனியாக விட்டுவிட்டு நானும் போக முடியாது. வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று, கார் நிறுத்துகிற போர்ச்சில் ஒரு கொக்கி அடித்து, கலயத்தை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். வேலை முடிந்து நான் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் அம்மா தலைக்கு மேலே இருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் போனில் அந்த விளம்பரப் பக்கம் வந்தது. ராமேஸ்வரம் கோபுரம், பின்னால் நாதஸ்வரம். "நீங்கள் வர வேண்டாம். நாங்கள் உங்கள் பிள்ளையாக இருந்து செய்கிறோம்" என்று ஒரு வாசகம். ஒரே விலை, எல்லாம் அடக்கம், வீடியோவும் உண்டு. அப்பா அந்த வாசகத்தை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் வேலை செய்கிறேன். கண்டெய்னர் கப்பலேறுவதற்கும் இறங்குவதற்கும் உண்டான காகித வேலை. ஒரே பெட்டிக்கு எத்தனை விதமான கட்டணம் போடலாம், ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பெயர் வைக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதனாலேயே சொந்தக்காரர்கள் எதை வாங்குவதற்கு முன்னாலும் லிங்க்கை எனக்கு அனுப்பி, "இது ஓகேவா பாரு" என்பார்கள். நானும் சலிக்காமல் திட்டுவேன். அஞ்சு நட்சத்திரத்தைப் பார்க்காதே, ஒரு நட்சத்திரம் போட்டவன் என்ன எழுதியிருக்கிறான் பார். பணம் கட்டுகிற கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார், முதல் பக்கத்து விலை அங்கே இருக்காது. கம்பெனி பேரில் கடை, கணக்கு மட்டும் யாரோ ஒரு தனி ஆள் பேரில் என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடு. என் அத்தை ஒருத்தி, "இவகிட்ட கேட்டா உப்புகூட வாங்க முடியாது" என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

அந்தப் பக்கத்தையும் பார்த்தேன். கணக்கு ஒரு தனி ஆள் பேரில்தான் இருந்தது. சொன்னேன்.

"ஐயருங்க எல்லாம் சொந்த அக்கவுண்டுதான் வெச்சிருப்பாங்க பாப்பா. அவங்க என்ன சென்டிரியான் பெர்ஹாட்னு கம்பெனியா நடத்துறாங்க?" என்றார் அப்பா.

"கருத்துப் பகுதியை மூடி வெச்சிருக்கான் ப்பா. ஒருத்தரும் ஒண்ணும் எழுத முடியாது."

"சாவு விஷயத்துல என்ன கருத்து?"

அப்பா ஆயுசு முழுக்க லோரி ஓட்டியவர். பக்கத்து ஊரான மேருவில் இருக்கிற தொழிற்சாலைகளிலிருந்து சரக்கேற்றி நாடு முழுக்கக் கொண்டுபோய் இறக்கியவர். அவர் கணக்கில், ஏற்றிய சாமான் எப்படியும் ஓரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஏமாற்றுகிறவன் டெலிவிஷன் தராமல் ஏமாற்றுவான், செருப்புக்குப் பதில் செங்கல் அனுப்புவான். ஆனால் செத்தவளின் சாம்பலை வாங்கிக்கொண்டு ஒருத்தன் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டார்.

பார்சலை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். மேலே ஒட்டுகிற தாளில் "விபூதி" என்று எழுதும்படியும் சொன்னார்கள். அஸ்தி என்று எழுதினால் விமானத்தில் ஏற்ற ஆயிரம் கேள்வி வருமாம். விபூதி என்றால் கேள்வியே கிடையாதாம். கேள்வியே வராத சரக்கைப் பற்றிப் பின்னால் எவனிடமும் கேள்வி கேட்கவும் முடியாது, அது எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதையும் அப்பாவிடம் சொன்னேன். "எரிஞ்சு முடிஞ்சா எல்லாம் விபூதிதானே" என்று அவரே தாளை எடுத்துத் தன் பெரிய எழுத்தில் எழுதினார். அனுப்புநர் இடத்தில் எங்கள் வீட்டு முகவரியும் அவருடைய போன் நம்பரும்.

பூக்கடைகள் வரிசையாக இருக்கிற நடைபாதையில் ஓர் ஆள் காத்திருந்தான். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் பட்டை. நான் கேட்பதற்கென்று ஒரு மூட்டை கேள்வியோடு போயிருந்தேன். அவன் எங்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். வெறுங்காலோடு, கொதிக்கிற சிமெண்டுத் தரையில் நின்று, இரண்டு கையையும் நீட்டி அம்மாவை வாங்கிக்கொண்டான். "கவலைப்படாதீங்க ஐயா, எங்க அம்மா மாதிரி கொண்டுபோறேன்" என்றான். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காருக்குத் திரும்பி நடக்கும்போது அப்பா, "பார்த்தியா, செருப்பைக் கழட்டிட்டான்" என்றார். இன்றைக்கும் அந்தக் கால்களை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அதற்குப் பிறகு கட்டணங்கள் வந்தன. எனக்குத் தெரியாமல் அப்பா கட்டிக்கொண்டிருந்தார். போனில் பணம் அனுப்புகிற உச்சவரம்பைக் கூட்டித் தரச் சொல்லி ஒரு நாள் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. படகுக்குத் தனி. மழைக்காலம் என்பதால் படகுக்கு இன்னும் கொஞ்சம். பேர் நட்சத்திரம் சொல்லிச் சங்கல்பம் செய்யத் தனி. சொல்லாமல் கரைத்தால் யாருக்கோ போய்ச் சேருமாம். வீடியோ அடக்கம்தான், ஆனால் அதை அனுப்பி வைக்கக் கட்டணம்.

"சைனாவுக்குக் கண்டெய்னர் அனுப்பினாலும் இவ்வளவு சார்ஜ் வராது ப்பா! எல்லாம் அடக்கம்னு சொன்னானே, என்ன அடக்கம்? உங்களைத்தான் அடக்கம் பண்ணிட்டான்!" என்று கத்தினேன்.

அப்பா கோபப்படவில்லை. "அவளுக்கு நான் வேற என்ன செஞ்சேன் பாப்பா?" என்றார். மிஷினில் ஊசி ஏற்றி ஏற்றி வீங்கிப்போன அந்தக் கை மேசைமேல் கிடந்தது. நான் போனை வாங்கி வரம்பைக் கூட்டிக் கொடுத்தேன்.

வீடியோ வந்தது. அதை மறுக்க முடியாது. அதிகாலைக் கடல், மூன்று நான்கு பேர் குளிக்கிறார்கள், மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குகிறார். இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஐயர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மாவின் பெயர் கேட்கிறது, நட்சத்திரம் கேட்கிறது, "மலேசியா, கிள்ளான்" என்றும் கேட்கிறது. ஐயர் குனிகிறார். தண்ணீரில் கொஞ்ச தூரம் வெள்ளையாக மிதந்து போகிறது. அப்பா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், காசு கட்டிய படகு எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் சந்தேகத்தை எல்லாம் அந்தக் கடலில் விட்டுவிடலாம் போலிருந்தது.

அப்பா அதைத் தினமும் பார்த்தார். டயாலிசிஸ் சென்டரில் நர்சுகளுக்கெல்லாம் காட்டினார். "மை வைஃப், ராமேஸ்வரம்" என்பார், ஏதோ அவள் சுற்றுலா போயிருப்பதுபோல. மிஷினில் கிடக்கிற நாலு மணி நேரம் அவருக்கு முன்னைவிடச் சீக்கிரம் போனதாகச் சொன்னார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு பூசினார்.

நான் போனில் ஒரு பெண்கள் குழுவில் இருக்கிறேன், கோலாலம்பூர் வட்டாரத்துத் தமிழ்ப் பெண்கள். பாத்திரம் விற்பது, வீடு வாடகைக்கு விடுவது, மாமியாரைத் திட்டுவது எல்லாம் அங்கே நடக்கும். ஒரு மத்தியானம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செராஸில் இருக்கிற ஒரு பெண் தன் கணவனின் அஸ்தி கரைத்த வீடியோவைப் போட்டு, "மனசு நிறைஞ்சது, இவங்க ரொம்ப நல்லா செஞ்சாங்க" என்று எழுதியிருந்தாள். ஓடவிட்டேன். அதிகாலைக் கடல். மஞ்சள் பனியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கியது. ஐயர் முதுகைக் காட்டி நின்றார். குரல் மட்டும் வேறு ஒரு பெயரை, வேறு ஒரு நட்சத்திரத்தைச் சொன்னது.

சோற்றை மூடி வைத்தேன். கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுதி, அந்த வாரக் கடைசியில் செராஸுக்குப் போனேன். இரண்டு பேராகப் போய்ப் புகார் கொடுத்தால் கனமாக இருக்கும் என்பது என் திட்டம். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோயம்புத்தூர்ப் பக்கம். கணவன் இங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் விசாவில் வேலை பார்த்தவன், ரோட்டில் விபத்து. உடம்பை ஊருக்கு அனுப்புகிற நிலையில் இல்லை என்றார்களாம், இங்கேயே எரித்துவிட்டார்கள். கம்பெனிக் கணக்கெல்லாம் முடியும் வரைக்கும் அவளால் கிளம்ப முடியவில்லை. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டியில் கட்டிக் கிடந்தது. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"எங்க அத்தை படுத்த படுக்கைங்க அக்கா. ஒரே பையன். 'என் புள்ள மூஞ்சியக்கூட காட்டலையேடி பாவி'ன்னு தெனமும் போன்ல என்னைத் திட்டுவாங்க. இந்த வீடியோவ அனுப்புனதுக்கு அப்புறம்தான் என்னைச் சாப்ட்டியான்னே கேட்டாங்க. இப்ப தெனம் பேசுறாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் அவங்ககிட்டதான் குடுத்தீங்களா? உங்களுக்கும் வீடியோ வந்துச்சுங்களா?"

என் கைப்பையில் போன் இருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்தது. என் கோபத்துக்கு அது ஒரு நிமிஷ வேலை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அங்கே சந்தேகம் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கக் கூடாதே என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

"எங்களுக்கு வரல மா. எங்க பார்சல் என்னாச்சுன்னே தெரியல. உங்களுக்கு நல்லபடியா செஞ்சுட்டாங்க, சந்தோசம்" என்றேன். "அந்தப் பதிவை மட்டும் எடுத்துடுங்க. இதெல்லாம் ஊரு பார்க்க வேணாம்."

அவள் உடனே எடுத்துவிட்டாள். அம்மாவின் வீடியோவை நான் அவள் கணவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்புகிற வழியில் டோல் கேட் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன்.

அப்பாவிடம் சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வருஷத் திவசத்துக்கு முன்பதிவு செய்யச் சொல்லி அவருக்குச் செய்தி வந்தது. இப்போதே கட்டினால் தள்ளுபடியாம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பணம் அனுப்ப உட்கார்ந்தார். இனியும் அவன் என் அப்பாவிடம் தின்னக் கூடாது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் அந்த மஞ்சள் பனியன்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அம்மா எங்க?"

பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். அந்த ஆளை யாருக்கும் தெரியவில்லை. பூக்கடை அக்கா ஒருத்தி, "வாரத்துல ஒரு நாள் வந்து நிப்பான் தம்பி ஒருத்தன், இப்ப காணோம்" என்றாள். போனில் இருந்த அந்தப் பக்கமும் மறைந்துவிட்டது, நம்பர் அணைந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் ஓர் இளம் மலாய் போலீஸ்காரர் புகாரைத் தட்டச்சு செய்தார். "பாராங் ஆபா, காக்?" என்று, தொலைந்தது என்ன பொருள் என்று கேட்டார். "அபு" என்றேன். சாம்பல். "அபு இபு சாயா." என் அம்மாவின் சாம்பல். அவர் விரல் நின்றுவிட்டது. அடுத்த கேள்வி பொருளின் மதிப்பு என்ன என்பது. திரை அவர் பக்கம் திரும்பியிருந்தாலும் ஓரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, தாண்டிப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

வீட்டில் அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மிஷினில் படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாராம், நர்ஸ் சொன்னாள். சாப்பிடும்போது திடீரென்று, "குப்பையில கொட்டியிருப்பானோ?" என்பார். இன்னொரு நாள், "சட்டியோட எங்கயாச்சும் அலமாரி மேல வெச்சிருப்பான்." கரைந்தாளா, கொட்டப்பட்டாளா, ஏதாவது ஒரு ரூமில் விபூதி என்று எழுதிய பெட்டிக்குள் இருக்கிறாளா என்பது தெரியாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா போனை நீட்டிக்கொண்டு வேகமாக வந்தார். அந்த முகத்தை நான் பார்த்துப் பல மாதமாகிறது.

"பாப்பா, பார்சலு திரும்பி வந்திருக்கு! அட்ரஸ் சரியில்லன்னு நிறுத்தி வெச்சிருக்காங்களாம். சின்னதா ஒரு பீஸ் கட்டுனா கொண்டாந்து குடுத்துடுவாங்களாம். பாரு, பாரு. அம்மாவைத் திருப்பி அனுப்பிட்டானுங்க போல."

படித்தேன். மலாயில் இரண்டு வரி, கீழே ஒரு லிங்க். எந்தப் பார்சல், யார் அனுப்பியது என்று ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் போன் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் வருகிற மோசடிச் செய்தி அது. எனக்கே எத்தனையோ முறை வந்திருக்கிறது. தொடாதே, அமுக்காதே, அழித்துவிடு என்று நான் சொல்லாத ஆள் கிடையாது.

"பார்சல் மேல ஒட்டுன தாள்ல என் நம்பர்தானே எழுதியிருந்தேன்? அதான் எனக்கு வந்திருக்கு" என்றார் அப்பா.

அந்த வீடியோவை அவரிடமிருந்து பிடுங்கியது நான்தான். இதையும் நானே பிடுங்க வேண்டும். முடியவில்லை. அதிகம் பணமில்லாத ஒரு கார்டு என்னிடம் உண்டு. அதை எடுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, லிங்க்கை அமுக்கி, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினேன். அப்பா கூடவே சரி பார்த்தார். "தப்பா அடிச்சிடாத" என்றார்.

மறுநாள் டயாலிசிஸ். அப்பா போகமாட்டேன் என்றார். லோரிக்காரன் வந்து ஆளில்லை என்று திரும்பிவிட்டால் என்ன செய்வது? சென்டருக்குப் போன் பண்ணிக் கெஞ்சி மத்தியானத்துக்கு மாற்றினேன். அவர் முகச்சவரம் செய்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார். நானும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்தார்.

என் போன் அடித்தது. பேங்க். என் கார்டில் வெளிநாட்டிலிருந்து யாரோ பெரிய தொகை எடுக்கப் பார்க்கிறார்கள், அது நான்தானா என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை, கார்டை நிறுத்திவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பினால் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாரு பாப்பா, லோரிக்காரனா?"

"ஆமாப்பா" என்றேன். "வழி தெரியலையாம்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வழி காட்டுவதற்கு ரோட்டில் போய் நின்றார்.